தேறாத பிள்ளை

மே மாதத்தில் அம்பத்தூர்ப் பக்கம் வந்திருக்கிறீர்களா? வெயிலைச் சொல்லவில்லை, வெயில் எல்லா ஊரிலும் உண்டு. பரீட்சை முடிவு வெளியாகும் தினத்தைச் சொல்லுகிறேன். அன்றைக்குக் காலையில் எங்கள் தெருக்களில் ஒரு விதமான மௌனம் நிலவும். காய்கறி வண்டிக்காரன்கூடச் சற்றுத் தணிந்த குரலில்தான் கூவுவான். பிறகு கைபேசிகளில் எண்கள் வந்து விழும், மௌனம் கலையும். ஒரு வீட்டிலிருந்து ஜாங்கிரிப் பெட்டி புறப்படும். எதிர் வீட்டுக் கதவு உள்ளே தாழிடப்படும். தாழிட்ட கதவையும் அடுத்த தெரு அம்மாள் ஒருத்தி விடமாட்டாள். தட்டித் திறக்கச் செய்து, "என்ன, பையன் எவ்வளவு?" என்று விசாரிப்பாள்.

மார்க்கு என்ற சொல்லையே அடியோடு விட்டுவிட்டு, 'பையன் எவ்வளவு?' என்று கேட்பதை நான் பல தடவை கவனித்திருக்கிறேன். கத்தரிக்காய் எவ்வளவு, பையன் எவ்வளவு!

இந்தப் பிரதேசத்தில் 20 வருஷத்துக்கு மேலாக உபாத்தியாயர் வேலை பார்த்து வருகிறேன். மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பற்று, வரவு, தேய்மானம், ஐந்தொகை என்று எண்களோடே காலம் கழிக்கிறவன். ஆகையால் எண்களின் மீது எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை என்பதை நேயர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். ஆயினும் 2014-ஆம் வருஷத்து மே மாதம் ஒரு நாள், ஓர் எண் என்னைப் படுத்திய பாட்டை இன்னும் மறக்கவில்லை.

அந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களில் மூன்று பேர் தேறவில்லை. அவர்களில் ஒருவனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பெயர் வேண்டாம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் அவனுடைய தகப்பனாருக்கு வேலை. தாயார் ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் தையல் மிஷின் ஓட்டுகிறவர். பட்டரவாக்கத்துக்குச் சமீபத்தில் ஒரு சந்தில் குடியிருந்தார்கள். பையன் மற்ற ஐந்து பாடங்களிலும் தேறியிருந்தான். என் பாடத்தில் மட்டும் 200-க்கு 58. தேறுவதற்கு 70 வேண்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு அவனுடைய தகப்பனார் எனக்கு டெலிபோன் செய்தார். "சார், பையனைக் காணவில்லை. காலையில் போனவன். கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். விளையாட்டு மைதானம், சிநேகிதர்கள் வீடு, ரயில்வே ஸ்டேஷன், கடைசியில் ஏரிக்கரை. ஏரிக்கரையில் நடக்கும்போது என் கால்கள் நடுங்கின. அதற்குக் காரணம் உண்டு. அந்த ஜனவரியில் மாதிரிப் பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, வகுப்பு முழுவதும் கேட்கும்படி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தேன். "உன் அப்பாவிடம் சொல்லி இப்போதே லேத்தில் சேர்ந்துவிடு. பரீட்சைக் கட்டணமாவது மிச்சமாகும்" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவனும் சிரித்தான். அவனே சிரித்துவிட்டான், ஆகவே விஷயம் அதோடு தீர்ந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரே வாக்கியத்தில் பிள்ளையின் புத்தியையும் தகப்பனாரின் தொழிலையும் சேர்த்து இழிவுபடுத்தினோமே என்பது ஏரிக்கரையில்தான் எனக்கு உறைத்தது.

இரவு ஒன்பதரை மணிக்கு அவன் தானாகவே வீடு திரும்பினான். அப்போது நானும் அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். பகல் முழுவதும் மின்சார ரயிலில் அரக்கோணத்துக்குப் போவதும், அங்கிருந்து திரும்புவதும், மறுபடியும் போவதுமாக இருந்திருக்கிறான். பிற்பாடு ஒரு நாள் காரணம் கேட்டேன். "ரயிலில் யாரும் மார்க்குக் கேட்கமாட்டார்கள், சார்" என்றான்.

அவனைக் கண்டதும் தகப்பனார் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். மனிதர் பகல் முழுவதும் பட்ட பயம் கோபமாகத் திரும்பிவிட்டது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு முன்னால் அவருடைய தாயார், பையனின் பாட்டி, எழுந்துவிட்டாள். "வாடா ராஜா, கைகால் கழுவிக்கொண்டு வா. ரசத்தைச் சுட வைக்கிறேன்" என்றாள். பிறகு தன் பிள்ளையின் பக்கம் திரும்பி, "நீ எட்டாவதில் இரண்டு தடவை கவிழ்ந்தவன்தானே? உட்கார்" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். பையன் சாப்பிட்டான். அன்றிரவு அந்த வீட்டில் மார்க்கைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

* * *

வீட்டை விட்டுப் போன பிள்ளை என்றால் எனக்கு மற்றொரு பிள்ளையின் ஞாபகம் வராமல் இராது. 1905-ஆம் வருஷம் 'ஹிந்து' பத்திரிகையில், கும்பகோணத்துப் பையன் ஒருவனைக் காணோம் என்று ஒரு செய்தி வெளியாயிற்று. அவன் அதற்கு முந்தின வருஷம் பள்ளிக்கூடத்தில் கணிதப் பரிசு வாங்கியவன். உபகாரச் சம்பளம் பெற்றுக் கும்பகோணம் காலேஜில் சேர்ந்தவன். கணிதத்தைத் தவிர வேறு எதிலும் புத்தியைச் செலுத்தாமையால் மற்றப் பாடங்களில் தவறினான். உபகாரச் சம்பளம் போயிற்று. ஒரு துணிக் கடைக் குமாஸ்தாவின் குடும்பத்துக்கு அது சாமானிய நஷ்டமல்ல. பையன் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் போய்விட்டான். அவன்தான் ஸ்ரீநிவாஸ ராமானுஜன்.

பிறகு அவர் சென்னைப் பச்சையப்பன் காலேஜில் சேர்ந்து படித்தார். 1906-இல் எப்.ஏ. பரீட்சை எழுதித் தவறினார். 1907-இல் மீண்டும் எழுதி மீண்டும் தவறினார். இந்தச் சரித்திரத்தை நாம் குழந்தைகளுக்குச் சொல்லும்போது வழக்கமாக என்ன செய்கிறோம்? "பார், ராமானுஜனே பரீட்சையில் தோற்றார், ஆனாலும் மனம் தளரவில்லை, ராயல் சொஸைட்டியில் அங்கத்தினரானார்" என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். கேட்கிற பையன் மனத்துக்குள் "அவர் மேதை, நான் யார்?" என்று சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். அவன் நினைப்பது நியாயந்தான்.

உண்மையில் அந்தச் சரித்திரத்தில் நாம் பார்க்க வேண்டிய இடம் 1907-க்கும் 1912-க்கும் நடுவில் இருக்கிறது. பட்டமில்லை, உத்தியோகமில்லை, கையில் காசில்லை. காகிதம் வாங்க வகையின்றிச் சிலேட்டில் கணக்குப் போட்டு முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தார். அந்த நிலைமையில் 1910-இல் அவர் தம் நோட்டுப் புத்தகத்தோடு வி. ராமஸ்வாமி ஐயரைப் பார்க்கப் போனார். ரெவினியூ இலாகாவில் டிபுடி கலெக்டராயிருந்த ராமஸ்வாமி ஐயரே இந்தியக் கணித சங்கத்தை ஸ்தாபித்தவர். அவர் மார்க்குப் பட்டியலைக் கேட்கவில்லை, நோட்டைப் புரட்டினார். பிறகு நெல்லூர்க் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்து வந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அங்கே மேலதிகாரியாயிருந்த எஸ். நாராயண ஐயர் மாலை வேளைகளில் அவரோடு உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டார். மனோதிடம் என்று நாம் சொல்வது ராமானுஜனுடைய நெஞ்சுக்குள் மாத்திரம் இருந்ததில்லை. ராமஸ்வாமி ஐயரிடம் கொஞ்சம், ராமச்சந்திர ராவிடம் கொஞ்சம், நாராயண ஐயரின் சிலேட்டில் கொஞ்சம் இருந்தது.

இதற்கு நேர்மாறான சாட்சியும் அதே வாழ்க்கையில் இருக்கிறது. 1918-ஆம் வருஷத் தொடக்கத்தில் அவர் இங்கிலாந்தில் இருந்தார். யுத்த காலம், சைவச் சாப்பாட்டுக்குக் கஷ்டம், வியாதி, ஊரிலிருந்து சரியாகக் கடிதம் இல்லை. உலகத்துக் கணித வித்துவான்கள் மெச்சிய அந்த மனிதர் அப்போது வாழ்க்கையே வேண்டாமென்று துணிந்துவிட்டார். தெய்வாதீனமாகப் பிழைத்தார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி போலீஸாரிடம் போய் அவருக்காகப் பேசினார். அந்த வருஷமே ராயல் சொஸைட்டியும் டிரினிட்டி கல்லூரியும் அவரைத் தேர்ந்தெடுத்தன; அவருக்கு மறுபடி கணிதத்தில் உற்சாகம் பிறந்தது. இதைக் குழந்தைகளிடம் சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பதினாறு பதினேழு வயதானவர்களிடம் நான் சொல்லுகிறேன். கெட்டிக்காரத்தனம் ஒரு மனிதனைத் தனிமையிலிருந்து காப்பாற்றாது என்பதை அவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. பெற்றோர் தெரிந்துகொள்வது அதைவிட நல்லது.

* * *

பட்டரவாக்கத்துப் பாட்டி ரசம் சுட வைத்த விஷயத்தை மேல்நாட்டு மனோதத்துவ சாஸ்திரிகள் நாற்பது வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள் என்றால் நேயர்கள் சிரிக்கக்கூடும். வாஸ்தவந்தான். ஹவாய்த் தீவுகளில் கௌவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955-ஆம் வருஷத்தில் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற பெண்மணியும் அவருடைய சகாக்களும் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து நாற்பது வயது வரையில் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் வறுமை, குடும்பச் சச்சரவு, தகப்பனாரின் குடி, தாயாரின் மனநோய் முதலிய பல தொல்லைகளுக்கிடையே வளர்ந்தவர்கள். அவ்வளவு பேரும் கெட்டுப் போயிருக்க வேண்டுமல்லவா? ஆனால் அவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்ல மனிதராக, தம் காலில் நிற்பவராக, பிறரிடம் அன்புள்ளவராக வளர்ந்திருந்தார்கள். காரணம் என்னவென்று ஆராய்ந்ததில் அடிக்கடி அகப்பட்ட ஒன்று, அந்தக் குழந்தைக்கு நிபந்தனையில்லாமல் பிரியம் காட்டிய பெரியவர் ஒருவராவது இருந்தார் என்பது. பெற்றோராகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. பாட்டியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், அண்டை வீட்டாராக இருக்கலாம். உபாத்தியாயராகக்கூட இருக்கலாமாம்! அந்தக் கடைசி வார்த்தையைப் படித்தபோது எனக்கு ஜனவரி மாதத்து மாதிரிப் பரீட்சைத் தாள்தான் ஞாபகம் வந்தது.

நமது நாட்டிலும் இதற்கு உதாரணம் வேண்டுமானால் காந்தியடிகளின் சுயசரிதத்தில் இருக்கிறது. பதினைந்து வயதில் தமையனாரின் காப்பிலிருந்து சிறிது தங்கத்தைத் திருடிவிட்டு, அதை ஒரு கடிதத்தில் எழுதி, நோயாகப் படுத்திருந்த தகப்பனாரிடம் கொடுத்தார். தகப்பனார் படித்தார், கண்ணீர் விட்டார், கடிதத்தைக் கிழித்துப் போட்டார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடி கிடைக்குமென்று எதிர்பார்த்த பிள்ளைக்கு அந்தக் கண்ணீர் ஆயுள் முழுவதும் போதுமானதாக இருந்தது.

'அடியாத மாடு படியாது' என்று பழமொழி சொல்லிக்கொண்டு என்னிடம் வாதாட வருகிற பெற்றோர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாடு என்றுதான் பழமொழி சொல்லுகிறதே தவிர, பிள்ளை என்று சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தைப் பொறுத்த மட்டில் அந்த வாதத்துக்கு இப்போது இடமே கிடையாது. தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் பிரம்பு 2003-ஆம் வருஷத்திலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடலை வருத்துவதை மட்டுமல்ல, மனத்தை வருத்துவதையும் தடுக்கிறது. அதாவது, என் லேத்து வாக்கியமும் அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கு விரோதமே. இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். 1925-ஆம் வருஷம் முதல் 'சுயமரியாதை' என்ற பெயரில் ஓர் இயக்கமே நடந்த தேசம் நம்முடையது. தெருவில் யாராவது ஏகவசனத்தில் அழைத்துவிட்டால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. வீட்டுக்குள் வந்ததும், பத்து வயதுப் பிள்ளையை விருந்தாளிக்கு முன்னால் நிறுத்திவைத்து, "இவன் எதற்கும் லாயக்கில்லை" என்று அறிமுகம் செய்து வைக்கிறோம்.

* * *

சர்க்கார் இந்த விஷயத்தில் செய்த இரண்டு காரியங்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது. தேறாதவர்கள் ஒரு வருஷம் காத்திராமல் ஜூன், ஜூலை மாதங்களிலேயே மறுபடி எழுதித் தேறி, அந்த வருஷமே காலேஜில் சேர வழிசெய்யும் உடனடித் தேர்வு ஒன்று. இருபது வருஷத்துக்கும் மேலாக இது நடந்து வருகிறது. மற்றொன்று, 2017-ஆம் வருஷம் மே மாதத்திலிருந்து மாநிலத்தில் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று பெயர்களை வெளியிடுவதை நிறுத்தியது. அதற்கு முன்னால், முடிவு வந்த அரை மணிக்குள் முதலாவதாக வந்த பெண்ணின் வாயில் தகப்பனார் லட்டு ஊட்டுகிற படம் தொலைக்காட்சியில் வந்துவிடும். பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்? அவள் லட்டுத் தின்கிற அதே வேளையில் தமிழ்நாட்டில் லக்ஷம் வீடுகளில் லக்ஷம் பிள்ளைகள் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது அந்தப் படம் இல்லை. ஆனால் திருவள்ளூர் நெடுஞ்சாலையில் அம்பத்தூரிலிருந்து ஆவடி வரையில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். சர்க்கார் விட்ட வேலையைச் சுவரொட்டிகளும் விளம்பரத் தட்டிகளும் செவ்வனே செய்து வருகின்றன.

உடனடித் தேர்வின் அருமை அதை எழுதியவர்களுக்குத்தான் தெரியும். தோல்வி என்பது ஒரு பள்ளம் என்று வைத்துக்கொண்டால், அதற்கு அக்கரை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் அதில் உள்ள விசேஷம். விசனப்படுகிற பிள்ளையிடம் "கவலைப்படாதே" என்று பத்துத் தடவை சொல்வதைவிட, "இன்ன தேதிக்குள் விண்ணப்பம் போட வேண்டும், நாளைக் காலையில் நான் கூட வருகிறேன்" என்று ஒரு தடவை சொல்வது மேல்.

ஆகட்டும், திட்டக் கூடாது. அப்படியானால் புகழலாமா என்று கேட்பீர்கள். இந்த நாளில் அந்தப் பக்கமும் ஒரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. ஆவடிப் புது அடுக்குமாடிகளில் குடியிருக்கும் என் சிநேகிதர்கள் சிலர், குழந்தை காகிதத்தில் ஒரு கோடு கிழித்தால் "ஜீனியஸ்!" என்கிறார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா சர்க்கார், பிரஜைகளின் தன்மதிப்பை விருத்தி செய்வதற்கென்று 1986-இல் ஒரு குழுவே நியமித்துப் பார்த்தது. தன்மதிப்பு உயர்ந்தால் படிப்பும் ஒழுக்கமும் தானே உயரும் என்பது அவர்களுடைய எண்ணம். 2003-இல் நான்கு மனோதத்துவ நிபுணர்கள் அதுவரை வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சலித்துப் பார்த்துவிட்டு, வெறும் தன்மதிப்பை ஊட்டுவதால் பள்ளிக்கூடப் படிப்பு உயர்வதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

1998-இல் நியூயார்க்குக் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த முல்லர், டுவெக் என்ற இரு பெண்மணிகள் வெளியிட்ட சோதனை இதைவிடச் சுவாரசியமானது. பத்து வயதுக் குழந்தைகளுக்குச் சில புதிர்கள் கொடுத்தார்கள். முடித்ததும் ஒரு சாராரிடம் "நீ கெட்டிக்காரன்" என்றும், மற்றொரு சாராரிடம் "நீ நன்றாகப் பிரயாசைப்பட்டாய்" என்றும் சொன்னார்கள். அடுத்தபடி எந்தப் புதிர் வேண்டுமென்று கேட்டபோது, கெட்டிக்காரப் பட்டம் பெற்றவர்களில் பெரும்பாலோர் சுலபமானதையே விரும்பினார்கள். கடினமானதைக் கொடுத்துத் தோற்கச் செய்த பிறகு, முன்பு போட்ட மாதிரிப் புதிரையும் அவர்கள் முன்னைவிடக் குறைவாகவே செய்தார்கள். தாங்கள் வாங்கிய மார்க்கை வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, பலர் உயர்த்திப் பொய் எழுதினார்கள்! பட்டத்தைக் காப்பாற்ற வேண்டாமா? இந்தச் சோதனையை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. இதன் அடிப்படையில் பிற்காலத்தில் பள்ளிக்கூடங்களில் நடத்தப்பட்ட முயற்சிகளில் கிடைத்த பலன் சிறிதாகவே இருந்தது. ஆனாலும் என் வகுப்பில் பத்தாவதில் முதலாவதாக வந்து, பதினொன்றாவதில் ஒரு சின்னப் பரீட்சையில் மார்க்குக் குறைந்ததும் பள்ளிக்கூடம் வர மறுத்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தவறிப் பழக்கமில்லாதவர்களுக்கு முதல் தவறு மலையாகத் தோன்றுகிறது.

தன்மதிப்பு என்றால் என்ன என்பதை எனக்கு ஒரு பையன் கற்றுக்கொடுத்தான். பூந்தமல்லியில் பார்வையில்லாத பிள்ளைகளுக்காக நெடுநாளாக ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. பார்வையில்லாதவர்கள் பொதுப் பரீட்சை எழுதும்போது அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு வேறு பாடத்து உபாத்தியாயர் ஒருவரை நியமிப்பார்கள். ஒரு மணி நேரம் அதிகமும் உண்டு. ஒரு வருஷம் அந்தப் பக்கத்துப் பரீட்சை நிலையம் ஒன்றில் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. சரித்திரப் பரீட்சை. பையன் மளமளவென்று சொல்லிக்கொண்டு வந்தான். ஓரிடத்தில் ஒரு வருஷத்தைத் தப்பாகச் சொன்னான் என்று எனக்குத் தோன்றியது. என் பேனா ஒரு கணம் நின்றது. நான் வாய் திறக்கவில்லை. இரக்கந்தான் பேனாவை நிறுத்தியது. அவனுக்கு எப்படித் தெரிந்ததோ, தலையை என் பக்கம் சாய்த்து, "ஏன் சார் நிறுத்திவிட்டீர்கள்? நான் சொன்னதை எழுதுங்கள். தப்பாக இருந்தாலும் அது என் தப்பு" என்றான்.

எழுதினேன். மூன்று மணி நேரமும் அதற்கு மேல் ஒரு மணி நேரமும் அவன் சொன்னபடியே எழுதினேன். நம் வீடுகளில் குழந்தைகளுக்கு இந்தச் சுதந்திரம் கிடைக்கிறதா என்று அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தேன். ஏழு வயதுப் பையனுக்குத் தாயார் ஷூ மாட்டிவிடுகிறாள். வீட்டுப் பாடத்தைத் தகப்பனார் முடித்துக் கொடுக்கிறார். பதினைந்து வயதுப் பெண் கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கி வந்தது கிடையாது. எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டு, "உனக்குத் தன்னம்பிக்கை இல்லையே!" என்று கடைசியில் அவர்களையே நிந்திக்கிறோம். காலை ஏழு மணிக்குப் பால் வாங்கி வருவது, தண்ணீர் மோட்டாரை நேரத்துக்கு நிறுத்துவது, பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, இம்மாதிரி ஏதாவது ஒரு பொறுப்பை ஒரு பிள்ளையிடம் முழுவதும் விட்டுவிட்டுப் பாருங்கள். முதல் வாரம் பால் தாமதமாகத்தான் வரும். காபி இல்லாமல் ஒரு மணி நேரம் இருந்தால் உயிர் போய்விடாது.

பெண் குழந்தைகள் விஷயத்தில் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுக்கு மார்க்குப் பட்டியலோடு மற்றொரு பட்டியலும் உண்டு: நிறம், உயரம், பருமன். கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர், "அக்காள் சிவப்பு, இவள் மட்டும் ஏன் இப்படி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். கேட்ட பெண் அன்றைக்குச் சாப்பிடமாட்டாள். அந்த இடத்தில் தாயாரும் கூடச் சேர்ந்து சிரிக்காமல், "எங்கள் பெண் எங்களுக்கு நன்றாகத்தான் இருக்கிறாள்" என்று உரக்கச் சொல்லிவிட வேண்டும். உறவினர் வருத்தப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும்.

இனிச் சொல்லப்போவது சற்றுக் கனமான விஷயம். 2022-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர் என்று தேசியக் குற்றப் பதிவு ஆணையம் கணக்குச் சொல்லுகிறது. எல்லாம் பரீட்சையினால் அல்ல. குடும்பத் தகராறு, காதல், வியாதி, வறுமை எல்லாம் சேர்ந்தது. எண்களோடு பழகினவனாகிய நான் இந்த எண்ணை வகுப்புகளாகப் பிரித்துப் பார்த்தேன். வகுப்புக்கு நாற்பது பேர் வைத்தாலும் முந்நூறு வகுப்பறைகளுக்கு மேல் காலி.

பிள்ளை திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டாலும், தூக்கமும் சாப்பாடும் மாறினாலும், பிரியமான சாமான்களைப் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்தாலும், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி" என்கிற தோரணையில் பேசினாலும், அதை நடிப்பு என்று தள்ளக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, "சாக வேண்டுமென்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோம் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பதும், கேட்டதாலேயே பல பிள்ளைகளுக்குப் பாரம் இறங்குகிறது என்பதும் வைத்தியர்களின் அபிப்பிராயம். பதில் 'ஆம்' என்று வந்தால், உபதேசம் செய்யாமல், அவனைத் தனியே விடாமல், அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற டெலிபோன் எண்ணில் மத்திய சர்க்கார் 2022 அக்டோபரில் ஆரம்பித்த மனநல உதவி இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே கிடைக்கும், கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கு 1098. சென்னையிலே டாக்டர் லக்ஷ்மி விஜயகுமார் 1986-இல் ஸ்தாபித்த 'ஸ்நேகா' என்ற தொண்டு ஸ்தாபனமும் இந்தப் பணியையே செய்து வருகிறது. பரீட்சை முடிவு வரும் காலத்தில் அவர்களுக்கு ஓய்வே இராது.

* * *

பட்டரவாக்கத்துப் பையனை அந்தரத்தில் விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் நான் அவன் வீட்டுக்குப் போனேன். உடனடித் தேர்வு விண்ணப்ப விவரம் சொல்லப் போவதாக என் வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன். வாஸ்தவத்தில் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். முப்பது சொச்சம் வயதான உபாத்தியாயர் பதினேழு வயது மாணவனிடம் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். தகப்பனார் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவரையும் நிறுத்திவைத்துக்கொண்டு, ஜனவரியில் நான் சொன்னதைச் சொல்லி, சொன்னது தப்பு என்றேன். அவருக்கு அந்தச் செய்தியே புதிது. பையன் நான்கு மாதமாக அதை வீட்டில் சொல்லியிருக்கவில்லை. "பரவாயில்லை, சார்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பரவாயில்லை என்று அவன் முகம் சொல்லவில்லை. பாட்டி மட்டும், "வாத்தியாரையாவுக்கு ஒரு டம்ளர் காபி கொடு" என்று உள்ளே குரல் கொடுத்தாள்.

ஜூன் மாதம் முழுவதும் மாலை ஐந்தரை மணிக்கு என் வீட்டுக்கு வந்தான். முதல் வாரம் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரு சந்தேகம் கேட்டான். தேர்வில் 91 வாங்கினான். இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.காம். படித்தான், இரண்டு பாடம் பாக்கி வைத்து, பிறகு எழுதி முடித்தான். இப்போது தகப்பனாரும் அவனுமாகச் சேர்ந்து இரண்டு லேத்தும் ஒரு டிரில்லிங் மிஷினும் வைத்துச் சொந்தத்தில் ஒரு சிறு பட்டறை நடத்துகிறார்கள். கணக்கை அவனே எழுதுகிறான்.

போன வருஷம் ஏப்ரலில் ஐந்தொகையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். பார்த்தேன். டிரில்லிங் மிஷினுக்குத் தேய்மானத்தைப் பழைய மதிப்பின் மேலேயே கழித்திருந்தான். சுட்டிக்காட்டலாமா என்று எனக்குத் தயக்கம். அவன் அதைக் கண்டுகொண்டுவிட்டான்.

"தப்பு இருந்தால் சொல்லுங்கள், சார். ஆனால் லேத்துக்குப் போ என்று மட்டும் சொல்லாதீர்கள், ஏற்கெனவே லேத்தில்தான் இருக்கிறேன்" என்றான்.

இரண்டு பேரும் சிரித்தோம். பத்து வருஷம் கழித்தும் அந்த வாக்கியத்தை வார்த்தை பிசகாமல் வைத்திருக்கிறான். தப்பைக் காட்டினேன். பென்சிலால் அடித்து, பக்கத்திலேயே சரியான தொகையை எழுதிக்கொண்டு, பட்டறையில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டுப் போனான்.